வாழ்க்கைத் துணையின் வன்முறை: நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

எங்கள் மனநலப் பிரிவுக்கு நோயாளியை அழைத்து வரும் உறவினர்கள் சிலருக்கு எங்கள்மீது ஒரு மனக்குறை உண்டு. “என் மனைவியை அழைத்து வந்ததே நான்தான். என்னையே வெளியே உட்காரச் சொல்கிறீர்களே?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. எனவே அதற்குரிய பதிலை இந்த இதழில் விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். மனநலத் துறையில் பயிற்சி பெறுவோருக்கு நாங்கள் நடத்தும் பாடங்களுள் ஒன்று, வாழ்க்கைத் துணையிடமிருந்து வரும் வன்முறையைப் பற்றியது. அந்தப் பாடத்தின் சாரம் மருத்துவர்களுக்கு மட்டும் உரியதன்று. நோயாளிகளும் அவர்களைக் கவனித்துக்கொள்வோரும் அதை அறிந்திருந்தால் பல துன்பங்களைத் தடுக்கலாம். சில உயிர்களையும் காக்கலாம்.

நாங்கள் தவறவிட்ட ஒருவர்

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறோம். ஏறத்தாழ நாற்பது வயதுப் பெண் ஒருவர் தலைவலி, தூக்கமின்மை, படபடப்பு ஆகியவற்றுக்காக எங்களிடம் வந்துகொண்டிருந்தார். ஸ்கேனில் குறை ஏதும் இல்லை. மாத்திரைகளை மூன்று முறை மாற்றினோம், பலன் இல்லை. ஒவ்வொரு முறையும் கணவர் உடன் வந்தார். நாங்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவரே பதில் சொன்னார். ‘கணவர் மிகுந்த அக்கறையுள்ளவர்’ என்று நாங்கள் நோயாளியின் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தோம்.

ஒரு நாள் இரத்த அழுத்தம் பார்ப்பதற்காகச் செவிலியர் அவருடைய கையைப் பற்றியபோது, மேற்கையில் விரல் பதிந்த தழும்புகள் தெரிந்தன. செவிலியர் ஒன்றும் பேசவில்லை. மருந்துச் சீட்டைக் கணவரிடம் கொடுத்து மருந்தகத்துக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, “வீட்ல உங்களுக்குப் பயமா இருக்கா அக்கா?” என்று மட்டும் கேட்டார். அந்தப் பெண் நெடுநேரம் அழுதார். பிறகு, “எட்டு மாசமா வரேன் சிஸ்டர். இதை யாரும் என்கிட்ட கேக்கலையே” என்றார்.

எட்டு மாதங்களாக நாங்கள் தலைவலியைப் பற்றி மட்டுமே கேட்டிருந்தோம். அதையும் அவரை அடித்தவரின் முன்னிலையில் கேட்டிருந்தோம். அதற்குப் பிறகுதான், எங்கள் பிரிவுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் சில நிமிடங்களாவது தனியே பேசுவது என்னும் வழக்கத்தை விதியாக்கினோம். ஆண், பெண், இளையவர், முதியவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. உடன் வருபவரைச் சந்தேகிப்பதால் நாங்கள் அவ்வாறு செய்வதில்லை. எல்லாரையும் ஒரே விதியின்கீழ் கொண்டுவந்தால்தான், உண்மையில் அஞ்சி வாழும் ஒருவர் தனித்து அடையாளம் காணப்படாமல் பேச முடியும்.

வன்முறை என்பது எது?

‘வன்முறை’ என்றவுடன் அடியும் உதையும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் நான்கு வகைகளைக் குறிப்பிடுகிறது. உடலைத் துன்புறுத்துவது ஒன்று. விருப்பத்துக்கு மாறாகப் பாலியல் உறவுக்கு உட்படுத்துவதும் இழிவுபடுத்துவதும் இரண்டாவது. ஓயாத வசை, ஏளனம், மிரட்டல் ஆகியவை மூன்றாவது. வீட்டுச் செலவுக்குப் பணம் தராதிருப்பது, சம்பளத்தைப் பறித்துக்கொள்வது, நகைகளை விற்பது, வேலைக்குச் செல்லத் தடுப்பது போன்ற பொருளாதாரத் துன்புறுத்தல் நான்காவது.

இவற்றையெல்லாம் இணைக்கும் ஒரு சரடு உண்டு, அது கட்டுப்பாடு. யாரிடம் பேசலாம், தாய்வீட்டுக்கு எப்போது போகலாம், என்ன உடுத்தலாம், கைப்பேசியில் யாருடைய எண் இருக்கலாம் என்பவை எல்லாவற்றையும் ஒருவரே தீர்மானிக்கிறார். மற்றவர் அவருடைய முகக்குறிப்பைப் பார்த்தே நாளைக் கடத்துகிறார். சாதாரணக் குடும்பச் சண்டையில் இருவரும் குரல் உயர்த்துவார்கள், இருவரும் விட்டுக்கொடுப்பார்கள், எவரும் மற்றவருக்கு அஞ்சி வாழ்வதில்லை. அச்சம் ஒரு பக்கம் மட்டும் தங்கிவிட்டால், அதைச் சண்டை என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது.

இது அரிதாக நிகழ்வதும் அன்று. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, மணமான அல்லது ஒரு காலத்தில் மணவாழ்வில் இருந்த பெண்களில் ஏறத்தாழ 29 சதவீதத்தினர் கணவரிடமிருந்து உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாகக் கூறியுள்ளனர். தமிழ்நாட்டில் அந்த அளவு ஏறத்தாழ 38 சதவீதம். வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி நாடியவர்கள் ஏழில் ஒருவர் என்ற அளவிலேயே இருந்தனர். பெரும்பாலோர் எவரிடமும் சொல்லவே இல்லை. எங்கள் காத்திருப்புக் கூடத்தில் அமர்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கும்போது இந்த எண்களை நாங்கள் நினைத்துக்கொள்கிறோம்.

ஆண்களும் துணையின் வன்முறைக்கு ஆளாவதுண்டு. வெட்கத்தால் அவர்கள் சொல்லாதிருப்பதும் உண்டு. மேற்சொன்ன சட்டம் பெண்களுக்கானது. ஆனால் சிகிச்சையும் ஆலோசனையும் இரகசியக் காப்பும் அனைவருக்கும் உரியவை.

உடலும் மனமும் காட்டும் அறிகுறிகள்

அச்சத்தோடு நீண்ட காலம் வாழும் உடல், காவலிலேயே நிற்கும். கதவு தட்டும் ஓசைக்குத் திடுக்கிடும், உறக்கத்திலும் விழித்திருக்கும். தீராத தலைவலி, வயிற்று வலி, முதுகு வலி, காரணம் தெரியாத மயக்கம், படபடப்பு ஆகியவை தொடரும். மனச்சோர்வு, பதற்றநோய், பழைய நிகழ்ச்சி கண்முன்னே திரும்பத் திரும்ப வருதல், தற்கொலை எண்ணம் ஆகியவை இத்தகையோரிடம் அதிகம் காணப்படுகின்றன. துணையின் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

இத்தகையவருக்கு வெறும் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புவதில் ஓர் ஆபத்தும் உண்டு. இரவில் தன்னையும் குழந்தைகளையும் காத்துக்கொள்ள விழிப்போடு இருக்க வேண்டியவரை அந்த மாத்திரை மந்தமாக்கிவிடும். தற்கொலை எண்ணம் உள்ளவரின் கையில் அதுவே கருவியாகவும் ஆகலாம். எனவே மருந்துக்கு முன் காரணத்தைத் தேடுகிறோம். மருந்து தேவைப்பட்டால் சிறிய அளவில், குறுகிய காலத்துக்கு மட்டும் தருகிறோம்.

ஏற்கெனவே மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் இன்னும் எளிதில் இலக்காகிறார்கள். மாத்திரைகளை மறைத்து வைப்பதும், அளவுக்கு மீறிக் கொடுப்பதும், “பைத்தியம் சொல்வதை யார் நம்புவார்கள்?” என்று மிரட்டுவதும் நாங்கள் கண்டவையே. மனநோய் உள்ளவர் துன்புறுத்தப்பட்டதாகச் சொன்னால், அதை நோயின் கற்பனை என்று முதலிலேயே தள்ளிவிடக் கூடாது. இது எங்களுக்கும் உங்களுக்கும் பொதுவான பாடம்.

“ஏன் விட்டுப் போகவில்லை?”

நோயாளிகள் உறவினர்களிடமிருந்து அதிகம் கேட்கும் கேள்வி இதுவே. போவதற்கு இடம் வேண்டும்; கையில் பணம் வேண்டும்; குழந்தைகளின் பள்ளி தொடர வேண்டும்; தங்கையின் திருமணம் தடைபடாதிருக்க வேண்டும். “அடிக்கிற கைதான் அணைக்கும்” என்றும், “பொறுத்தார் பூமி ஆள்வார்” என்றும் சொல்லிச் சொல்லி வளர்த்த பிறகு, பொறுத்துக்கொண்டதற்காக அவரையே குறை கூறுவது முறையன்று.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. வன்முறை பெரும்பாலும் எல்லா நாளும் ஒரே அளவில் இருப்பதில்லை. அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979-இல் இதை ஒரு சுழற்சியாக விளக்கினார். முதலில் இறுக்கம் கூடும், பிறகு வெடிக்கும், அதன்பின் மன்னிப்பும் பரிசும் கண்ணீரும் வரும். அந்த அமைதிக் காலத்தில் ‘இவர் உண்மையில் நல்லவர்’ என்னும் நம்பிக்கை துளிர்க்கும். எல்லா வீடுகளிலும் இச்சுழற்சி இவ்வாறே அமைவதில்லை. சில வீடுகளில் மன்னிப்பு என்பதே கிடையாது. ஆயினும் நம்பிக்கை எப்படி ஒருவரைக் கட்டிப் போடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இவ்விளக்கம் உதவுகிறது.

விட்டு வெளியேறும் காலமே மிகவும் ஆபத்தான காலமாகவும் இருக்கக்கூடும். கட்டுப்பாடு கைநழுவுவதாக உணரும்போது வன்முறை கூடுகிறது. வீட்டில் இருப்பவர் தம் ஆபத்தைத் தாமே பல ஆண்டுகளாக அளந்து வந்தவர். ஆகவே, “உடனே கிளம்பு” என்று நாங்கள் எவரையும் வற்புறுத்துவதில்லை. எப்போது, எப்படி என்பதை அவரோடு சேர்ந்து திட்டமிடுகிறோம்.

குடியும் கோபமும் காரணமா?

“குடித்தால்தான் அடிப்பார், மற்றபடி தங்கமானவர்” என்று பலர் சொல்கிறார்கள். மது வன்முறையின் எண்ணிக்கையையும் கடுமையையும் கூட்டுகிறது என்பது உண்மை. குடிநோய்க்குச் சிகிச்சை கட்டாயம் வேண்டும். ஆனால் குடிக்கும் எல்லாரும் மனைவியை அடிப்பதில்லை. குடிக்காமல் அடிப்பவர்களும் உள்ளனர். குடியை நிறுத்திய பிறகும் மிரட்டலும் கட்டுப்பாடும் தொடர்வதைப் பார்த்திருக்கிறோம். கோபமும் அவ்வாறே. அலுவலகத்தில் மேலதிகாரியிடம் அடங்கும் கோபம் வீட்டு வாசலைத் தாண்டியதும் கட்டுக்கடங்காமல் போகிறது என்றால், ‘இங்கே என்னை யாரும் கேட்க மாட்டார்கள்’ என்னும் துணிவே அதற்கு இடம் கொடுக்கிறது.

இதே காரணத்தால், அடி தொடரும் நிலையில் கணவன் மனைவி இருவரையும் ஒன்றாக அமர்த்திச் சமரசம் பேசுவதை நாங்கள் தவிர்க்கிறோம். அங்கே உண்மையைச் சொன்னவர் வீடு திரும்பியதும் அதற்குரிய தண்டனையைப் பெறலாம்.

உடனே மருத்துவமனைக்கு வரவேண்டிய நிலைகள்

கழுத்தை நெரித்தல் எல்லாவற்றிலும் கொடிய எச்சரிக்கை. அதன்பின் வெளியே ஒரு தடமும் இல்லாதிருக்கலாம். ஆனால் குரல் கம்முதல், விழுங்கும்போது வலி, மூச்சுத் திணறல், கண்ணில் இரத்தப் புள்ளிகள், தலைசுற்றல், நினைவு தப்புதல் ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். கழுத்து இரத்தக் குழாயில் ஏற்பட்ட காயத்தால் சில நாட்கள் கழித்துப் பக்கவாதம் வந்தவர்களும் உண்டு. முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னாளில் அதே துணையால் கொல்லப்படும் ஆபத்து ஏறத்தாழ ஏழு மடங்கு கூடுவதாக 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ‘ஒரு தடவைதானே’ என்று இதைக் கடந்துவிடாதீர்கள்.

தலையில் அடிபட்டு வாந்தியோ மயக்கமோ வருதல், கர்ப்ப காலத்தில் வயிற்றில் அடிபடுதல், ஆயுதம் காட்டி மிரட்டுதல், “கொன்றுவிடுவேன்” என்று சொல்லுதல், அடியின் கடுமை நாளுக்கு நாள் கூடுதல், உங்களுக்கே தற்கொலை எண்ணம் எழுதல் ஆகியவற்றிலும் தாமதிக்கக் கூடாது.

எங்களிடம் சொன்னால் என்ன நடக்கும்?

உலக சுகாதார நிறுவனம் 2013-இல் மருத்துவப் பணியாளர்களுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவற்றின் அடிப்படையில் எங்கள் முதல் உதவி ஐந்து படிகளாக அமைகிறது. குறுக்கிடாமல் கேட்கிறோம். உங்களுக்கு இப்போது என்ன தேவை, எதற்கு அஞ்சுகிறீர்கள் என்று வினவுகிறோம். நீங்கள் சொல்வதை நம்புகிறோம். உங்கள்மீது பழியில்லை என்று சொல்கிறோம். இன்றிரவு வீடு திரும்புவது பாதுகாப்பானதா என்று சேர்ந்து ஆராய்கிறோம். பிறகு உதவி கிடைக்கும் இடங்களோடு இணைக்கிறோம். மும்பையின் பாந்திராவிலுள்ள மாநகராட்சி மருத்துவமனையில் 2000-ஆம் ஆண்டில் ‘தில்லாசா’ என்னும் பெயரில் இதற்கெனவே ஒரு மையம் தொடங்கப்பட்டது. அப்பெயருக்கு ஆறுதல் என்று பொருள். வன்முறைக்கு ஆளானவருக்கு மருத்துவமனையே முதல் புகலிடமாக முடியும் என்பதை அம்மையம் காட்டியது.

மனநலச் சிகிச்சையில் நீங்கள் சொல்பவை இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்களுக்கு அளிக்கும் உரிமை. ஆனால் இதற்கு ஒரு வரம்பும் உண்டு. தாக்குதலால் ஏற்பட்ட காயங்களை விபத்துப் பதிவேட்டில் பதிந்து காவல்துறைக்குத் தகவல் தரும் கடமை மருத்துவமனைக்கு இருக்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தாலும் சிலரிடம் சொல்ல வேண்டிவரும். அந்த நிலை வந்தால் உங்களிடம் முன்னதாகவே விளக்குவோம். “படியில் விழுந்தேன்” என்று சொல்லத் தோன்றினாலும், யார் அடித்தார், எதனால் அடித்தார் என்பது உங்கள் சொற்களில் பதிவாகியிருந்தால் பின்னாளில் அதுவே சான்றாக நிற்கும். வழக்குத் தொடுப்பதும் தொடுக்காதிருப்பதும் வேறு முடிவு. சிகிச்சை அந்த முடிவுக்குக் காத்திருக்காது.

சட்டமும் உதவி எண்களும்

2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வீடு யார் பெயரில் இருந்தாலும் கணவரோடு வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. நெருங்கக் கூடாது என்னும் பாதுகாப்பு ஆணை, வாழ்க்கைச் செலவு, குழந்தைகளின் பொறுப்பு ஆகியவற்றையும் நீதித்துறை நடுவரிடம் கோரலாம். முதல் விசாரணை பொதுவாக மூன்று நாட்களுக்குள் அமைய வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. மனு எழுதவும் தங்குமிடம் பெறவும் மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் உதவுவார். கணவரோ அவருடைய உறவினரோ இழைக்கும் கொடுமை, பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவின்படி குற்றமும் ஆகும்.

பெண்களுக்கான உதவி எண் 181. உடனடி ஆபத்தில் 112. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416. இலவசச் சட்ட உதவிக்கு 15100. வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இவ்வுதவி உண்டு. சிகிச்சை, ஆலோசனை, காவல், சட்டம், தற்காலிகத் தங்குமிடம் ஆகியவற்றை ஓரிடத்தில் பெற, ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையங்கள் செயல்படுகின்றன.

உடனிருப்போர் செய்யக்கூடியவை

உங்கள் மகளோ தங்கையோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ வாய் திறந்தால் முதலில் நம்புங்கள். “நீ என்ன செய்தாய்?” என்று கேட்காதீர்கள். அவரைக் கேளாமல் கணவரிடம் போய் நியாயம் பேசாதீர்கள். அந்த இரவின் விளைவை அவரே சுமக்க நேரும். ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், குழந்தைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றின் நகலை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சிறிது பணமும் மாற்று உடையும் இருக்கட்டும். தொலைபேசியில் அவர் ஒரு குறிப்புச் சொல்லைச் சொன்னால் உடனே வரவேண்டும் என்று பேசி வையுங்கள். சண்டை மூளும்போது சமையலறையிலும் தாழிடக்கூடிய அறையிலும் நிற்காமல் வாசலுக்கு அருகில் இருக்கச் சொல்லுங்கள். அவர் திரும்பவும் அதே வீட்டுக்குப் போனாலும் உறவை முறித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கதவு திறந்திருக்கிறது என்னும் நினைவே சில வேளைகளில் ஒருவரைக் காக்கிறது.

குழந்தைகளை மறவாதீர்கள். அடி படாத குழந்தையும் அடியைப் பார்த்தும் கேட்டும் வளர்கிறது. படுக்கையில் சிறுநீர் கழித்தல், படிப்பில் பின்தங்குதல், பிறரை அடித்தல், பேச்சைக் குறைத்துக்கொள்ளுதல் ஆகியவை அதன் வெளிப்பாடுகள். “குழந்தைகளுக்காகப் பொறுத்துக்கொள்கிறேன்” என்று சொல்பவரிடம் இதைப் பழியாகச் சொல்லாமல், உதவி நாடுவதற்கான காரணமாகச் சொல்லுங்கள்.

இதைப் படிப்பவர்களில் வீட்டில் கை ஓங்கியவரும் இருக்கலாம். அவருக்கும் எங்கள் கதவு திறந்தே இருக்கிறது. ‘என்னைக் கோபப்படுத்தினாள்’ என்பதை விட்டுவிட்டு, ‘நான் அடித்தேன்’ என்று சொல்லக்கூடிய நாளில் வாருங்கள். மாற்றம் கடினம், ஆனால் அந்த வாக்கியத்திலிருந்து அது தொடங்கக்கூடும்.

அந்தப் பெண் இன்றும் எங்களிடம் வருகிறார். உடனே வீட்டை விட்டு வெளியேறவில்லை. ஓராண்டு கழித்து, தம் அண்ணன் துணையோடு, பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில் வெளியேறினார். தலைவலி முற்றும் நீங்கிவிடவில்லை. மாத்திரையின் அளவு குறைந்திருக்கிறது. கதவு தட்டினால் இப்போதும் திடுக்கிடுவதாகச் சொல்கிறார். ‘கணவர் மிகுந்த அக்கறையுள்ளவர்’ என்று நாங்கள் எழுதிய வரியை அவருடைய குறிப்பேட்டிலிருந்து அழிக்கவில்லை. அதன்கீழே தேதியிட்டுத் திருத்தம் எழுதியிருக்கிறோம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இந்த இதழை வீட்டுக்கு எடுத்துச் செல்வது உங்களுக்கு ஆபத்து என்று தோன்றினால், இங்கேயே படித்துவிட்டு வைத்துவிடுங்கள். 181 என்னும் எண்ணை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அடுத்த முறை வரும்போது, “தனியாகப் பேச வேண்டும்” என்று செவிலியரிடம் சொன்னால் போதும். காரணம் கேட்க மாட்டோம்.